கடைமடையில் செய்தி வாசிப்பவர்கள்

மேட்டூர் அணையைத் திறந்த மறுநாள் காலை எல்லாப் பத்திரிகையிலும் ஒரே படம்தான் வரும். மதகிலிருந்து நுரைத்துப் பாயும் தண்ணீர், அதன்மேல் பூத்தூவும் கைகள். வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கும், சில நாளில் கல்லணை. அங்கிருந்து வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரிந்து, தண்ணீர் முத்துப்பேட்டைப் பக்கம் தலைகாட்ட இன்னும் பல நாள் ஆகும். சில வருஷம் வாய்க்காலுக்கு அது வந்து சேர்வதே இல்லை. ஆனால் 'கடைமடை வரை தண்ணீர் சென்றடைந்தது' என்ற வரி எந்த வருஷமும் தவறியதில்லை.

முத்துப்பேட்டை கடைவீதியில் ஒரு டீக்கடை. இரண்டு பேப்பர் வாங்குகிறார்கள். காலை ஆறரைக்குள் இரண்டும் தனித்தனித் தாளாகப் பிரிந்து பெஞ்சு பெஞ்சாகப் போய்விடும். ஒருநாள் அங்கே உட்கார்ந்திருந்தபோது வயலுக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்திய ஒரு பெரியவர், தண்ணீர் வந்த செய்தியைச் சத்தமாகப் படித்தார். படித்து முடித்துவிட்டுக் கடைக்காரரிடம், "என்ன பாய், நேத்து நீங்க அந்தப் பக்கம் போனீங்களே, வாய்க்கால்ல பாத்தீங்களா?" என்றார். "தரை தெரியுதுண்ணே" என்றார் அவர். பெரியவர் பேப்பரை நான்காக மடித்துப் பெஞ்சில் வைத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. சந்தேகம் என்றுகூடச் சொல்ல முடியாது. ரூபாய் நோட்டை வாங்கினால் வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்க்கிறோமே, அந்த மாதிரிப் பழக்கம்.

அரசியல்வாதிகள்மேல் மக்களுக்கு நம்பிக்கை போய்விட்டது, பத்திரிகைகள் ஒரு பக்கம் சாய்கின்றன என்றெல்லாம் பேசும்போது நாம் பெரும்பாலும் நகரத்துப் படித்தவரின் சலிப்பைத்தான் மனத்தில் வைத்துப் பேசுகிறோம். கடைமடைக்காரரின் அவநம்பிக்கை அதிலிருந்து வேறானது. அவரிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. தலைப்பில் சொன்ன வார்த்தை தன் வயலுக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதை அவர் ஒவ்வொரு பட்டத்துக்கும் அளந்து பார்த்தவர். லோக்நீதி அமைப்பின் ஆய்வுகளில் ராணுவத்தை மக்கள் மிக அதிகம் நம்புவதாகவும், அரசியல் கட்சிகளும் காவல்துறையும் நம்பிக்கையில் அடித்தட்டில் கிடப்பதாகவும் வந்திருக்கிறது. அது ஏன் என்ற கேள்விக்கு விடை தேட, இந்த ஊரை வைத்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தது. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று தென்னைதான் வாழ்க்கை என்றிருந்த ஊர்களெல்லாம் ஒரே இரவில் மொட்டையாயின. சுமார் 12,000 ஹெக்டேர் பரப்புள்ள அலையாத்திக் காடும் அடிவாங்கியது. முதல் நாள் தொலைக்காட்சியில் வந்த செய்தி வேறு. முன்னெச்சரிக்கை நடவடிக்கை சிறப்பாக இருந்ததாகவே பேச்சு. அன்றைக்கு எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஸ்டாலின்கூட அந்த ஏற்பாடுகளைப் பாராட்டினார். அவர்மேல் தப்பில்லை, அவருக்குக் கிடைத்த தகவல் அவ்வளவுதான். கேமராக்கள் நாகப்பட்டினம் கடற்கரையிலும் பெரிய சாலைகளிலும் நின்றன. உள்ளூர்ச் சாலைகளில் மரம் விழுந்து கிடந்தது, மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரம் சாய்ந்திருந்தது. அழிவு எங்கே அதிகமோ அங்கிருந்து ஒரு வார்த்தையும் வெளியே வரவில்லை. வார்த்தை வராத இடத்தில் சேதமும் இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். நாலு நாள் கழித்து ஹெலிகாப்டரில் வந்த முதல்வர் பழனிசாமி, மோசமான வானிலை என்று பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு திரும்பினார். நிவாரணம் கேட்டு மறியலில் உட்கார்ந்தவர்கள் அமைச்சர்களின் காரை மறித்த படங்கள் வந்த பிறகுதான் மாநிலத்தின் மற்ற பகுதிகளுக்கு விஷயம் புரிந்தது.

விழுந்த தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய் என்று அறிவித்தார்கள். மரத்துக்கு 600, அதை வெட்டி அப்புறப்படுத்த 500. நட்டு வளர்த்துக் காய்க்கு வர ஆறேழு வருஷம் காத்திருந்த மரம் அது. மாநில அரசு மத்திய அரசிடம் கேட்டது ஏறக்குறைய 15,000 கோடி, கிடைத்தது 1,146 கோடி. அந்தத் தொகைக்கு டெல்லியில் ஒப்புதல் கொடுத்த டிசம்பர் 31 அன்றே இன்னொரு அறிவிப்பும் வந்தது. கருணாநிதி மறைவால் காலியான திருவாரூர் தொகுதிக்கு ஜனவரி 28 அன்று இடைத்தேர்தல்.

இந்தச் சம்பவத்தைத் தமிழ்நாடு மறந்துவிட்டது. திருவாரூர் மாவட்டம் மறக்கவில்லை. கூரைக்குத் தார்ப்பாய் கிடைக்காமல் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்கள் இருந்த நேரம். தேர்தல் அறிவித்தால் மாவட்டம் முழுவதும் நடத்தை விதி அமலுக்கு வந்துவிடும். நிவாரணப் பட்டியலில் விட்டுப்போன பெயரைச் சேர்க்கச் சொன்னால், தேர்தல் முடியட்டும் என்ற பதில் வரும். ஜனவரி 2 அன்று ஆளுநர் உரையில் ரேஷன் அட்டைக்கு 1,000 ரூபாய் பொங்கல் பரிசு அறிவித்தபோது திருவாரூர் மாவட்டத்துக்கு மட்டும் விலக்கு. காரணம், நடத்தை விதி. புயல் அடித்த மாவட்டத்துக்கு மட்டும் பொங்கல் பணம் இல்லை என்று காதில் விழுந்த வார்த்தை எப்படி இருந்திருக்கும்! முத்துப்பேட்டை திருவாரூர் தொகுதியில்கூட இல்லை, அது திருத்துறைப்பூண்டி தனித்தொகுதி. இருந்தும் மாவட்டம் ஒன்று என்பதால் விதியும் ஒன்று. கம்யூனிஸ்டுகள் உட்படப் பலரும் தேர்தலைத் தள்ளிவைக்கக் கேட்டார்கள். கலெக்டர் கட்சிகளைக் கூட்டிக் கருத்துக் கேட்டு அறிக்கை அனுப்பினார். ஜனவரி 7 அன்று தேர்தல் ஆணையம் இடைத்தேர்தலை ரத்து செய்தது. கடைசியில் திருவாரூர் தொகுதி ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலோடு சேர்ந்தே வாக்களித்தது.

அந்த ஒரு வாரத்தில் கட்சிகள் வேட்பாளரை அறிவித்தன, சுவரில் இடம் பிடித்தன. வீட்டுச் சுவரே விழுந்து கிடந்த ஊரில் சுவர் விளம்பரத்துக்கு ஆள் வந்ததைப் பார்த்தவர்களை 'அரசியலில் அக்கறை இல்லாதவர்கள்' என்று குற்றம் சொல்ல முடியாது. யாருடைய காலண்டர் யாருடைய துயரத்தின்மேல் ஏறிப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

அடுத்தது பணம். வாக்குக்குப் பணம் என்றால் 'திருமங்கலம் ஃபார்முலா' என்று எல்லாரும் சொல்வார்கள். 2009 ஜனவரியில் மதுரை மாவட்டத்துத் திருமங்கலத்தில் நடந்த இடைத்தேர்தல் அது. அங்கே நடந்ததை விவரித்து அமெரிக்கத் தூதரகத்தினர் தங்கள் அரசுக்கு அனுப்பிய குறிப்பு ஒன்று, விக்கிலீக்ஸ் வழியாக 2011இல் 'தி இந்து' நாளிதழில் வந்தது. பணக்கவர் காலைப் பத்திரிகைக்குள் வைத்து வீடுவீடாகப் போனதாகவும், கவருக்குள் எந்தச் சின்னத்துக்கு என்று சொல்லும் சிலிப்பும் இருந்ததாகவும் அதில் எழுதியிருந்தது. இதைப் படித்த நாளிலிருந்து அந்தக் காட்சி என்னை விட்டுப் போகவில்லை. செய்தி எந்தக் கையில் வருகிறதோ அதே கையில் பணமும் வருகிறது, ஒரே மடிப்புக்குள். அரசியல்வாதியின்மேலான அவநம்பிக்கையையும் பத்திரிகையின்மேலான அவநம்பிக்கையையும் இரண்டு கட்டுரையாக எழுதிப் பிரிக்க முடியாததற்கு இது ஒன்றே போதும்.

நம் டெல்டாவின் பங்கு 2016இல் வந்தது. மே 16 அன்று தமிழ்நாடு வாக்களித்தபோது 232 தொகுதிகளில்தான் வாக்குப்பதிவு நடந்தது. தஞ்சாவூரும் கரூர்ப் பக்கத்து அரவக்குறிச்சியும் நின்றுபோயின. பணமும் பரிசுப் பொருளும் விளையாடியதால் முதலில் மே 23க்கும் பிறகு ஜூன் 13க்கும் தள்ளிவைத்துப் பார்த்த ஆணையம், மே 28 அன்று அறிவிக்கையையே ரத்து செய்தது. பணத்தைக் காரணம் காட்டி ஒரு சட்டமன்றத் தேர்தலை ரத்து செய்தது இந்தியாவில் அதுவே முதல்முறை. ராஜராஜன் கோயில் கட்டிய ஊருக்கு இப்படி ஒரு முதலிடம் கிடைத்ததில் அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு உண்மையான வருத்தம் இருந்தது. அதே மாதம் திருப்பூர்ப் பக்கம் மூன்று கண்டெய்னர் லாரிகளில் 570 கோடி ரூபாய் பிடிபட்டது. வங்கியின் பணம்தான் என்று வங்கி சொன்னது, விசாரித்த சி.பி.ஐ.யும் அதையே சொன்னது. இன்றைக்கும் எந்த டீக்கடையிலும் அந்த விளக்கத்தை ஏற்றுக்கொள்ளும் ஆளைப் பார்ப்பது அரிது. நம்பிக்கை ஒருமுறை உடைந்தால் உண்மையான விளக்கத்துக்கும் இடமில்லாமல் போகிறது. அந்த நஷ்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தஞ்சாவூரில் ரத்தான தேர்தல் 2016 நவம்பர் 19 அன்று நடந்தது. அதே இரண்டு பெரிய கட்சிகள் மறுபடி களத்தில் நின்றன. அ.தி.மு.க.வின் ரங்கசாமி ஜெயித்தார். யாரால் தேர்தல் ரத்தானதோ அவர்கள் போட்டியிடக் கூடாது என்ற கோரிக்கை எழுந்தது, சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றாகிவிட்டது. அடுத்த வருஷம் ஏப்ரலில் சென்னை ஆர்.கே.நகரில் வருமான வரிச் சோதனையில் கிடைத்த தாள்களில் 89 கோடி ரூபாய்ப் பட்டுவாடாக் கணக்கு இருந்ததாகச் செய்தி வந்து அந்த இடைத்தேர்தல் ரத்தானது. 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் அப்படியே போனது. ஆணையம் இதற்கெல்லாம் அரசியலமைப்பின் 324ஆவது பிரிவைத்தான் பிடித்துக்கொண்டது. வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்து செய்ய 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் தனிப்பிரிவு இருக்கிறது. பணப்பட்டுவாடாவுக்கும் அப்படி ஒரு பிரிவு வேண்டும் என்று ஆணையம் கேட்டது. மத்திய அரசு ஒப்புக்கொள்ளவில்லை. வேட்பாளரின் செலவுக்கு வரம்பு உண்டு, சட்டமன்றத்துக்கு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். கட்சியின் செலவுக்கு வரம்பே கிடையாது. ஒரு பக்கம் கரை கட்டி இன்னொரு பக்கத்தைத் திறந்துவிட்ட வாய்க்கால் இது.

பணம் வாங்கும் வாக்காளரைத் திட்டுவது நம் பத்திரிகைகளுக்கும் மேடைகளுக்கும் மிகப் பிடித்த வேலை. ஓட்டை விற்றுவிட்டான், பிரியாணிக்கும் குவார்ட்டருக்கும் விலைபோனான் என்பார்கள். எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடே இல்லை. வாங்குவதும் குற்றம்தான், அதில் மாற்றுக் கருத்தில்லை. பட்டுவாடா எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வாக்காளர் பட்டியலைப் பாகம் பாகமாகப் பிரித்து, தெருவுக்கு ஓர் ஆள் போட்டு, வீட்டுக்கு எத்தனை ஓட்டு என்று கணக்கெடுத்து, ராத்திரி கரண்ட் போன நேரமாகப் பார்த்து வருவான். வருபவன் அந்நியன் இல்லை. அக்கா, சித்தி, மாமா என்று முறை சொல்லிக் கூப்பிடுகிற அதே தெருப் பையன். வேண்டாம் என்று சொன்னால் எதிர்க்கட்சி என்று முத்திரை. நாளைக்கு முதியோர் உதவித்தொகைக்கும் நூறு நாள் வேலைக்கும் அதே ஆளிடம்தான் போய் நிற்க வேண்டும். மறுத்தால் நேரப்போவது என்ன என்று தெரிந்தே பலர் வாங்கிக்கொள்கிறார்கள். "நம்ம பணந்தானே தம்பி, நம்மட்ட எடுத்தத நம்மட்டயே குடுக்கறான்" என்பது இந்தப் பக்கத்தில் நான் கேட்டுக் கேட்டுப் பழகிய வாக்கியம். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று வசூலிப்பதாக விவசாய சங்கங்கள் வருஷக்கணக்காகப் புகார் சொல்லும் மாவட்டத்தில், அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

வாங்கினால் போடுவார்கள் என்பதும் நிச்சயம் இல்லை. 2017 டிசம்பரில் ஆர்.கே.நகரில் ஆளுங்கட்சியை எதிர்த்துச் சுயேச்சையாகக் குக்கர் சின்னத்தில் நின்ற தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அவர் தரப்பின்மேல் இருபது ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்தார்கள் என்ற புகார் எழுந்தது, ஆளுங்கட்சித் தரப்பின்மேல் வேறு புகார்கள். பணம்தான் முடிவு செய்தது என்றால் எந்தப் பணம்?

இதைத் தடுக்க வந்த பறக்கும் படையால் அவதிப்படுவது யார் என்று தேர்தல் நேரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்று பார்த்தால் தெரியும். ஆவணம் இல்லாமல் 50,000 ரூபாய்க்குமேல் கையில் இருந்தால் பறிமுதல். இறால் ஏலம் எடுக்கப் போகிறவரும், ஆட்டுச் சந்தைக்குப் போகிறவரும், தேங்காய் வியாபாரியும் பணத்தைக் கொடுத்துவிட்டு ரசீதோடு கலெக்டர் ஆபீசுக்கு நடக்கிறார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலின்போது தமிழ்நாட்டில் பிடிபட்ட பணம், பொருளின் மதிப்பு 446 கோடி என்று ஆணையமே கணக்குச் சொன்னது. அதற்காக எத்தனை வேட்பாளர்கள் தண்டனை பெற்றார்கள் என்று அதே சத்தத்தில் யாரும் சொன்னதில்லை.

தந்திரங்களில் மலிவானவை உண்டு. 2024இல் ராமநாதபுரத்தில் ஓ.பன்னீர்செல்வம் நின்றபோது அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் மனுப் போட்டிருந்தார்கள். அவற்றை ஒதுக்கிவிடலாம். எனக்குக் கவலையாக இருப்பது நிஜமான துயரத்தைத் தேர்தல் நாளுக்காக எடுத்துத் துடைத்து வைக்கும் தந்திரம்தான். கச்சத்தீவு 285 ஏக்கர். 1974இல் இலங்கைக்குப் போனது. அரை நூற்றாண்டு கழித்து, 2024 மார்ச் 31 அன்று, தமிழ்நாட்டில் வாக்குப்பதிவுக்கு மூன்று வாரம்கூட இல்லாத நேரத்தில், பா.ஜ.க. மாநிலத் தலைவர் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய ஆவணங்கள் ஆங்கில நாளிதழ் ஒன்றில் வெளியாகி, பிரதமர் அதைப் பகிர்ந்து, மறுநாள் வெளியுறவு அமைச்சர் செய்தியாளர்களைச் சந்தித்தார். தேர்தல் முடிந்ததும் அந்தச் சத்தம் தணிந்துவிட்டது. அடுத்த வருஷம் ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் கச்சத்தீவை மீட்கத் தீர்மானம் போட்டது. அதற்கும் ஓராண்டில் சட்டமன்றத் தேர்தல். இடையில் படகோடு பிடிபட்டு யாழ்ப்பாணத்தில் காவலில் இருந்த மீனவர்களின் வீட்டில் எரியாத அடுப்பைப் பற்றி இந்த இரண்டு தேதிகளுக்கும் தெரியாது.

மீத்தேன் கதை இன்னும் பக்கத்தில் நடந்தது. மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க, 2011 ஜனவரியில் தி.மு.க. ஆட்சியில் தனியார் நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டார்கள். ஊர் ஊராக நடந்து அதன் ஆபத்தைச் சொன்னவர் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார். அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் அத்திவெட்டியில் அவர் உயிர் பிரிந்தது. அதற்குப் பிறகு மீத்தேனை எதிர்க்காத கட்சி இங்கே ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட்ட கட்சியும் எதிர்த்தது. 2020இல் பழனிசாமி அரசு பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே என நிலக்கரி ஏலப் பட்டியல் வந்தபோது, தானும் டெல்டாக்காரன் என்று சட்டமன்றத்தில் சொன்னார் முதல்வர் ஸ்டாலின். சில நாளில் அந்த வட்டாரங்களைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. மக்கள் விடாமல் கேட்டால் கட்சிகள் மாறுகின்றன. எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்துப் போராடிய நெடுவாசலும் கதிராமங்கலமும் 2017இல் அதைத்தான் காட்டின. போராடியவர்களின் அவநம்பிக்கை கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை, பந்தலில் உட்கார்ந்தது.

கட்சிகளின் பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தபின் கணக்குகள் வெளிவந்தன. தி.மு.க. வாங்கிய 656.5 கோடியில் 509 கோடி ஒரே லாட்டரி நிறுவனத்துடையது. லாட்டரியைத் தடை செய்த மாநிலம் இது. அதற்கு முன்னால், 2019 தேர்தல் செலவுக் கணக்கில் அதே கட்சி இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடியும் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடியும் கொடுத்ததாகக் காட்டியிருந்தது. நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதியும் திருத்துறைப்பூண்டி சட்டமன்றத் தொகுதியும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கோட்டை. குத்தகைக்கும் கூலிக்கும் போராடி ரத்தம் சிந்திய இயக்கம் என்று தாத்தா காலத்திலிருந்து கொடி கட்டிய குடும்பங்கள் இந்தச் செய்தியைப் படித்து எப்படி உணர்ந்தன என்று நான் பார்த்திருக்கிறேன். கூட்டணிச் செலவு, வங்கி வழியாக வந்தது, கணக்கில் காட்டியிருக்கிறது என்ற பதில் சட்டப்படி சரி. காயத்துக்கு அது மருந்தாகவில்லை.

இனிப் பத்திரிகைகள். கட்சி சார்ந்த பத்திரிகை என்பது இந்த மாவட்டத்துக்கு வெளியிலிருந்து வந்ததல்ல. 1942இல் திருவாரூரில் துண்டறிக்கையாகப் பிறந்ததுதான் பிற்பாடு தி.மு.க.வின் நாளேடான 'முரசொலி'. கம்யூனிஸ்டுகளின் 'ஜனசக்தி' வாய்விட்டுப் படிக்கப்பட்ட தெருக்கள் இங்கே இருந்தன. அவற்றை வாசித்தவர்கள் ஏமாறவில்லை. முகப்பிலேயே யாருடைய குரல் என்று எழுதியிருந்தது. ஒன்றைப் படித்துவிட்டு எதிர்த்தரப்பையும் படித்து நடுவில் எங்கோ உண்மை இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். என் கணிப்பில் சார்பு என்பது தன்னளவில் பெரிய பாவம் இல்லை. பெயர்ப்பலகை இல்லாத சார்புதான் விஷம்.

தொலைக்காட்சி வந்தபின் அந்தப் பெயர்ப்பலகை மங்கியது. 1993இல் சன், 1999இல் ஜெயா, 2006இல் மக்கள், 2007இல் கலைஞர் என்று கட்சிக்கு ஒரு சேனல். 2017இல் அ.தி.மு.க. உடைந்தபோது ஜெயா டி.வி. ஒரு தரப்போடு போனது, உடனே ஆட்சியிலிருந்த தரப்புக்கு ஒரு நாளிதழும் 'நியூஸ் ஜெ' சேனலும் புதிதாகத் தேவைப்பட்டன. கட்சி பிரிந்தால் சின்னத்துக்கு வழக்குப் போடுவதுபோல், சேனலையும் ஒரு பாகமாகப் பார்க்கிறார்கள். 2011இல் 'புதிய தலைமுறை' வந்தபோது கட்சிச் சாயம் இல்லாத செய்தி என்ற ஆசையோடு வீடுகளில் வைத்தார்கள். பிறகு அதைப்போலப் பல வந்தன. ஒவ்வொன்றின் உடைமைக்குப் பின்னாலும் கல்லூரி, சுரங்கம், மணல், பெரிய தொழில் குழுமம் என்று ஏதோ ஒன்று இருந்தது. அரசின் கையில் விளம்பரமும் இருக்கிறது, அரசு கேபிளில் எந்த எண்ணில் எந்தச் சேனல் என்ற முடிவும் இருக்கிறது. மிரட்ட வேண்டிய அவசியமே இல்லாத ஏற்பாடு.

மிரட்டலும் நடந்தது. 1987இல் அட்டைப்பட நகைச்சுவைத் துணுக்குக்காக 'ஆனந்த விகடன்' ஆசிரியர் பாலசுப்ரமணியனைச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது. 2016இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்ன கணக்குப்படி ஜெயலலிதா அரசு ஐந்தாண்டில் 213 அவதூறு வழக்குகள் போட்டிருந்தது. 2007 மே 9 அன்று மதுரை 'தினகரன்' நாளிதழ் அலுவலகம் ஒரு கருத்துக்கணிப்புக்காக எரிந்து, மூன்று ஊழியர்கள் செத்தார்கள். 2025 பிப்ரவரியில் ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளமே முடங்கியது. கட்சிகள் வேறு, ஆட்சிகள் வேறு, கோபம் ஒன்று. ஆகவே பத்திரிகையை மொத்தமாக விலைபோனது என்று சொல்பவர்கள் இவற்றையும் நினைக்க வேண்டும். விலைபோயிருந்தால் வழக்கு எதற்கு?

நான் சொல்ல வந்த விஷயத்தின் நடு இடம் இன்னும் கீழே, தாலுகா மட்டத்தில் இருக்கிறது. முத்துப்பேட்டையில் நடப்பதை வெளியுலகுக்குச் சொல்பவர் பகுதிநேர நிருபர். பலருக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. வந்த செய்திக்குச் சிறு தொகை, வாங்கிக் கொடுத்த விளம்பரத்துக்குக் கமிஷன். பொங்கல் மலர், சுதந்திர தின மலர், தலைவர் பிறந்தநாள் சிறப்பிதழ் என்று விளம்பரத்துக்கு இலக்கு உண்டு. யாரிடம் போய்க் கேட்பார்? ஒன்றியச் செயலாளரிடம், கான்ட்ராக்டரிடம், தனியார் பள்ளித் தாளாளரிடம், இறால் பண்ணை முதலாளியிடம். அதே ஆட்களைப் பற்றித்தான் அவர் எழுத வேண்டும். பெட்ரோல் காசு சொந்தக் காசு. பிரஸ் மீட் முடிந்ததும் 'கவர்' வரும். அதை மறுத்த நிருபர்களை எனக்குத் தெரியும், அவர்களில் பாதிப் பேர் இப்போது வேறு வேலையில் இருக்கிறார்கள். சென்னையில் ஒளிவெள்ளத்தில் நடக்கும் விவாதங்களை வைத்து ஊடகச் சார்பை அளக்கிறோம். ஆற்றின் தலைப்பை மட்டும் பார்த்துத் தண்ணீர் வந்துவிட்டது என்று எழுதும் அதே தவறுதான் அதுவும். செய்தி பிறக்க வேண்டிய கடைமடையில் வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது.

விலைக்கு விற்ற செய்தியைப் பற்றி நாடு 2009 மகாராஷ்டிரத் தேர்தலுக்குப் பிறகு பேச ஆரம்பித்தது. ஒரே கட்டுரை வார்த்தை மாறாமல் வெவ்வேறு பத்திரிகைகளில் வெவ்வேறு பெயர்களில் வந்ததை பி.சாய்நாத் வெளிக்கொண்டுவந்தார். பிரஸ் கவுன்சில் அமைத்த இருவர் குழு பெயர்களோடு அறிக்கை எழுதியது. கவுன்சில் முதலில் அதை முழுதாக வெளியிடவில்லை, தகவல் ஆணையம் சொன்னபின்தான் வந்தது. 2011இல் உத்தரப்பிரதேச எம்.எல்.ஏ. ஒருவரின் பதவி இதற்காகப் பறிபோனது. இப்போது தேர்தல் காலத்தில் மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு உட்கார்கிறது. தேர்தல் தேதி அறிவித்த பிறகு வரும் செய்தியைத்தான் அது பார்க்கும். அதற்கு முந்தைய நாலரை வருஷத்தில் விழுந்த விதைக்கு யார் பொறுப்பு?

முத்துப்பேட்டைக்கு இதில் தனியாக ஒரு வலி உண்டு. ஜாம்புவானோடை தர்காவின் கந்தூரிக்குச் சுற்றுவட்டாரத்து இந்துக்களும் வந்து போகும் ஊர் இது. 1990களிலிருந்து விநாயகர் ஊர்வலத்தை ஒட்டிப் பதற்றமும் இருந்துவருகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. வருஷாவருஷம் பல மாவட்டத்துப் போலீஸ் வந்து குவிகிறது, கடைகள் அடைக்கிறார்கள், கேமராக்கள் வருகின்றன. அன்றைக்கு ஊர் மாநிலம் முழுக்கத் தெரியும். கூட்டம் கலைந்ததும் கேமராக்களும் போய்விடும். உப்புநீர் உள்ளே ஏறி வயல் பாழாவது, அலையாத்தியின் ஓரம் இறால் குட்டை ஆவது, புயலுக்குப் பிறகு நட்ட தென்னங்கன்று எத்தனை பிழைத்தது — இவற்றுக்காக எந்த வண்டியும் வரவில்லை. பதற்றமான ஊர் என்ற பெயரோடு வளரும் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊரே அந்நியமாகிறது. இந்த இடைவெளியில்தான் வாட்ஸாப் வதந்தி புகுகிறது. நம்பகமான உள்ளூர்ச் செய்தி இல்லாத ஊரில், யாரோ அனுப்பிய எந்த ஊர் வீடியோவோ நம் ஊர்ச் செய்தியாகிவிடும். அதை வைத்து ஓட்டுக் கணக்குப் போடுபவர்கள் எல்லாப் பக்கத்திலும் உண்டு.

"எல்லாரும் அப்படித்தான்" என்று பேசி முடிப்பது இப்போது பரவலாகிவிட்டது. அரசியல்வாதிக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். எல்லாரும் அப்படித்தான் என்றால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எந்த ஒப்பந்தம், எந்தத் தேதி, யார் கையெழுத்து, எவ்வளவு ரூபாய், எந்த வாய்க்கால் என்று கேட்கும் அவநம்பிக்கைக்குத்தான் அவர்கள் பயப்படுகிறார்கள். ஒட்டுமொத்தமாக நம்பாதவன் அவர்களைத் தொந்தரவு செய்வதில்லை.

டீக்கடையில் பேப்பரை மடித்து வைத்த பெரியவரை இன்னொரு நாள் அவர் வயல்வரப்பில் பார்த்தேன். நேரடி விதைப்பு முடித்து, விதை முளைக்க ஒரு தண்ணீருக்குக் காத்திருந்தார். உள்ளூர் நிருபரான இளைஞர் ஒருவரும் கூட வந்திருந்தார். பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கையடக்க டைரியை எடுத்தார். உரக்கடை கொடுத்த டைரி. ஒவ்வொரு வருஷமும் மேட்டூர் திறந்த தேதி, கல்லணை திறந்த தேதி, தன் கன்னி வாய்க்கால் மதகில் தண்ணீர் தொட்ட தேதி, எத்தனை நாள் ஓடியது, என்றைக்கு நின்றது என்று பென்சிலில் வரிசையாக இருந்தது. பழைய டைரிகள் வீட்டில் டிரங்குப் பெட்டியில் இருப்பதாகச் சொன்னார். நிருபர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு செல்போனை எடுத்து, வரப்பிலேயே குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடிக்க ஆரம்பித்தார். வெயில் பட்டு எழுத்து மங்கியதால் பெரியவர் துண்டை விரித்து நிழல் பிடித்தார்.

"தேதியோட போடுவாங்களா தம்பி?"

"தேதியோடதான் மாமா எழுதப்போறேன்."